மேனிப் பூச்சும் ஒவ்வாமையும்
(கரையாம்புத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மாதக் கூட்டத்திற்கென நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டவுடன் சிலர் புன்னகை செய்யக்கூடும். கல்வி, கடன், கலியாணச் செலவு முதலிய பெரிய காரியங்களை ஆராயவேண்டிய சபையில், முகத்திற்குப் பூசும் களிம்பையும் நெற்றிக்கு இடும் பொட்டையும் குறித்து ஒரு பிரசங்கம் வேண்டுமோ என்று அவர்கள் நினைக்கலாம். வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிப் பாகூர்க் கொம்யூனில் அமைந்த இக்கரையாம்புத்தூரிலே, பட்டணத்துக் கடைகளில் மட்டும் கிடைத்துவந்த சாமான்களெல்லாம் இன்று கைப்பேசி வழியாக வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. வாங்குவது எளிதாகிவிட்டது, வாங்கியதில் என்ன கலந்திருக்கிறது என்று அறிவது மட்டும் எளிதாகவில்லை.

ஒரு பெண்ணின் நெற்றி நடுவில், பொட்டு இடும் இடத்தில், மிளகளவு வெளுப்பு ஒன்று காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே அக்கம்பக்கத்தார் உபயோகிக்கும் வார்த்தை யாது? வெண்குஷ்டம் என்பதே. அந்த ஒரு வார்த்தையால் நிச்சயித்த விவாகம் தவறுகிறது. அப்பெண்ணின் தங்கைக்கும் வரன் கேட்டு வருவோர் தயங்குகின்றனர். தோல் வெளுத்தலுக்கும் குஷ்டத்திற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வெளுப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமில்லை. குஷ்டமோ வேறொரு கிருமியால் வருவது. அதுவும் மருந்தால் முற்றிலும் தீர்வது. ஆயினும் பெயர் செய்யும் கேட்டை வியாதி செய்வதில்லை. பொட்டு இட்ட இடத்தில் மட்டும் தோன்றும் வெளுப்பு பலருக்குப் பிறவியிலோ பரம்பரையிலோ வந்ததன்று. கடையில் வாங்கிய ஒட்டுப் பொட்டின் பசையால் வந்தது.

அப்பசையிலே பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் இரசாயனத்தைக் கொண்டு செய்த பிசின் கலக்கப்படுவதுண்டு. அந்த இரசாயனம் தோலுக்கு நிறங்கொடுக்கும் அணுக்களையே அழிக்க வல்லது. பொட்டுப் பசையில் இது இருப்பதையும், அதனால் நெற்றி வெளுப்பதையும் குறித்து அலகாபாத்து வைத்தியர்கள் 1990ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கின்றனர். இதற்கும் முன்னோடியான ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் தோல் பதனிடும் சாலையில் இரப்பர்க் கையுறை அணிந்து வேலைசெய்தோரின் கைகள் வெளுத்துப்போக, கையுறையில் சேர்த்திருந்த ஹைட்ரோகுவினோன் மோனோபென்சைல் ஈதர் என்னும் பொருளே அதற்குக் காரணமென்று 1939இல் கண்டுபிடித்தனர். நம் நாட்டிலும் இரப்பர்ச் செருப்பின் வார் படும் இடத்தில் அதே வடிவாகப் பாதம் வெளுத்தவர்கள் உண்டு. தாய்மார்களே, ஒட்டுப் பொட்டை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். இரவில் அதை எடுத்துவிட்டு நெற்றியைக் கழுவுங்கள்; ஒரே பொட்டை நாட்கணக்கில் அதே இடத்தில் வைத்திராதீர்கள்; அரிப்போ, சிவப்போ, சிறிது வெளுப்போ கண்டால் அன்றே நிறுத்துங்கள். தொடக்கத்தில் நிறுத்திச் சிகிச்சை செய்துகொண்டால் நிறம் திரும்புவதற்கு வழியுண்டு.

நிற்க. ஒவ்வாமை என்பது யாது என்று இப்பொழுது பார்ப்போம். தோலில் எரிச்சல் உண்டாவதெல்லாம் ஒவ்வாமை ஆகாது. காரமிகுந்த சவுக்காரத்தை நாளெல்லாம் கையில் பட வைத்துக்கொண்டால் யாருடைய கையும் வெடிக்கும். அது வெறும் உறுத்தல். பொருளின் உக்கிரத்தையும் அது பட்ட நேரத்தையும் பொறுத்தது. ஒவ்வாமையோ ஆளைப் பொறுத்தது. நமது இரத்தத்திலுள்ள காவல் அணுக்கள் ஒரு பொருளை எதிரியென்று ஒருமுறை குறித்துக்கொண்டால், பிறகு அப்பொருள் அணுவளவு பட்டாலும் ஒன்றிரண்டு நாட்களில் தடிப்பும் தினவும் நீர்க்கொப்புளமும் எழுகின்றன. அவ்விதம் குறித்துக்கொள்ளச் சில நாட்களும் ஆகலாம், பல வருஷங்களும் ஆகலாம். ஆகையால் “இருபது வருஷமாக இதைத்தானே பூசுகிறேன், இதனால் எப்படி வரும்?” என்னும் கேள்விக்கு இடமேயில்லை. இருபதாவது வருஷத்திலும் வரும். வந்தபின் அந்தக் குறிப்பு பெரும்பாலும் ஆயுள் மட்டும் அழிவதில்லை. மேலும், பட்டவுடன் தோன்றாது இரண்டாம் நாள் தோன்றுவதால், முந்தாநாள் பூசியதை மறந்துவிட்டு நேற்று உண்ட கத்தரிக்காயைக் குற்றஞ்சாட்டுவது நம்மவர் வழக்கம். கரப்பான் பண்டம் என்று எத்தனை பதார்த்தங்கள் குற்றமின்றித் தண்டனை அனுபவிக்கின்றன!

குங்குமத்தை எடுத்துக்கொள்வோம். மஞ்சளோடு வெங்காரமும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து நிழலில் உலர்த்திச் செய்வது பழைய முறை. இன்று மலிவாக விற்கும் குங்குமத்தில் மஞ்சளே இல்லாமலும் இருக்கலாம். ஏதோ ஒரு மாவும், சாயமும், எண்ணெயும், வாசனையுமே உள்ளன. சூடான் 1, பிரில்லியன்ட் லேக் ரெட் முதலிய சாயங்கள் ஒவ்வாமை தருபவை என்று நன்கு நிரூபிக்கப்பட்டுள்ளன. ஜப்பான் தேசத்துப் பெண்களின் முகம் காரணந் தெரியாமல் கறுத்துவந்ததை அந்நாட்டு வைத்தியர்கள் ஆராய்ந்து, அலங்காரச் சாமான்களில் கலந்த இச்சாயங்களும் வாசனைகளுமே அதற்குக் காரணமென்று 1970களில் வெளிப்படுத்தினர். பெரிய கம்பெனிகள் அவற்றை விலக்கிய பிறகு அந்நோய் வெகுவாகக் குறைந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம்முடைய மாநிறத் தோலில் ஒவ்வாமை எப்பொழுதும் சிவந்து காட்டுவதில்லை. அரிப்பே இல்லாமல் கறுப்பாகவே படிந்துவிடுவதும் உண்டு. அக்கறுப்பை வெயிலின் மேல் பழிபோட்டு, அதை மறைக்க அதே சாமானை இன்னும் அதிகமாகப் பூசுவோர் பலர்.

“இயற்கைப் பொருள் என்றால் பயமில்லை அல்லவா?” என்று கேட்பீர்கள். இந்த எண்ணத்தை வியாபாரிகள் நன்றாக உபயோகித்துக்கொள்கின்றனர். சேங்கொட்டை இயற்கைப் பொருள்தானே? வண்ணார் துணிக்குக் குறியிட அதைப் பயன்படுத்திய காலத்தில், அக்குறி பட்ட கழுத்திலே புண் வந்தோரைப் பற்றி வைத்திய நூல்கள் பேசுகின்றன. நமக்கு அண்மையிலுள்ள பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைப்போருக்கு அதன் ஓட்டெண்ணெய் செய்யும் காரியத்தை அறியாதார் யார்? மஞ்சளுக்கும், சந்தனத்திற்கும், வேப்பெண்ணெய்க்குங்கூட ஒவ்வாமை கொண்டவர்கள் இருக்கின்றனர். மிகச் சிலரே எனினும் இருக்கின்றனர். வரப்போரமெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடி 1950களில் பூனாப் பக்கத்தில் முதலில் கண்டறியப்பட்டு, பின்பு தேசமெங்கும் பரவிற்று. அதன் துகள் காற்றில் பட்டே முகமும் கழுத்தும் தடித்துக் கறுத்துப்போன விவசாயிகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தியும் ஒத்துக்கொள்ளாமற் போகலாம். அத்தகையவர் சாமந்தி வகைப் பூவின் சாரம் சேர்த்த களிம்பை, “மூலிகை” என்று எழுதியிருப்பதை நம்பி முகத்தில் பூசினால் பலன் என்னவாகும்? தேங்காயிலிருந்து எடுத்தது என்று பெருமை பேசும் நுரைப்பொருள் ஒன்று ஷாம்புகளில் உண்டு. கோகமிடோபுரோப்பில் பீட்டேன் என்பது அதன் பெயர். தேங்காயெண்ணெய் பெரும்பாலார்க்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. ஆனால் அந்நுரைப்பொருளைச் செய்யும்பொழுது மிஞ்சும் கசடு ஒவ்வாமை உண்டாக்கும். தாய் சாதுவாயிருப்பதால் பிள்ளையும் சாது என்று கொள்ளல் ஆகாது.

அலங்காரச் சாமான்களில் ஒவ்வாமைக்கு முதற் காரணமாக நிற்பது வாசனை. லேபிலில் “ஃப்ராக்ரன்ஸ்” அல்லது “பர்ஃப்யூம்” என்று ஒரே வார்த்தை அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குள் பல பத்துப் பொருள்கள் ஒளிந்திருக்கக்கூடும். ஐரோப்பிய ஐக்கியத்தார் அவற்றுள் 26 பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிடவேண்டுமென்று 2003இல் சட்டம் செய்தனர். 2023இல் அந்த ஜாபிதாவை எண்பதளவுக்கு நீட்டியுள்ளனர். ஆகவே முகத்திற்கோ, குழந்தையின் மேனிக்கோ ஒன்றை வாங்குங்கால் “ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ” என்று குறித்ததையே நாடவேண்டும். “அன்சென்டட்” என்பது வேறு. அதில் ஒரு நாற்றத்தை மறைக்க மற்றொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம்.

அடுத்தது, சாமான் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் காப்புப் பொருள். இதில் உலகத்தார் பட்ட அவஸ்தை சுவையானது. சற்று விரித்தே சொல்லுவோம். பாரபென் என்னும் காப்புப் பொருளைப் பற்றி ஒரு பெரும் பீதி எழுந்தது. ஜனங்கள் அஞ்சவே, கம்பெனிகள் “பாரபென் இல்லை” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, வேறு காப்புப் பொருள்களை நாடின. அவற்றுள் ஒன்று மெத்தில் ஐசோதையாசோலினோன். 2005 முதல் ஐரோப்பாவில் தனியாகவே இதைச் சேர்க்க அனுமதி கிடைத்தது. சில வருஷங்களுக்குள் ஈரத்துடைப்புத் தாளிலும் களிம்பிலும் சவுக்காரத்திலும் அது புகுந்து, தேசந்தோறும் ஒவ்வாமை கொண்டோர் திரளாக வைத்தியசாலைகளை அடைந்தனர். அமெரிக்க ஒவ்வாமைத் தோல் வைத்தியர் சங்கத்தார் 2013க்குரிய ஒவ்வாமைப் பொருளாக அதனையே தெரிந்தெடுத்தனர். பூசியபின் கழுவாமல் விடும் சாமான்களில் அதை ஐரோப்பியர் 2017இல் விலக்கினர். பின்பு நடந்ததைக் கேளுங்கள். அதே அமெரிக்கச் சங்கத்தார் 2019இல் பாரபெனைத் தெரிந்தெடுத்து, அது ஒவ்வாமை செய்யாத பொருள் என்று கௌரவித்தனர்! தோல் ஒவ்வாமையைப் பொறுத்தமட்டில் பாரபென் மிகச் சாதுவான காப்புப் பொருள்களில் ஒன்று. “இது இல்லை, அது இல்லை” என்று அட்டையில் எழுதியிருப்பதைக் கண்டு மயங்காமல், அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். டிஎம்டிஎம் ஹைடன்டாயின், குவாட்டர்னியம் 15, இமிடசோலிடினைல் யூரியா என்னும் பெயர்களைக் கண்டாலும் சற்று எச்சரிக்கை தேவை. அவை சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை வெளிவிடுபவை.

இனி, “ஹைப்போஅலர்ஜெனிக்” என்னும் வார்த்தையைப் பற்றி. ஒவ்வாமை குறைந்தது என்பது அதன் பொருள். அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா 1975இல், இவ்வார்த்தையை அச்சிட விரும்புவோர் பிற சாமான்களைவிடத் தம்முடையது குறைந்த ஒவ்வாமையே தருகிறதென்று பரீட்சை செய்து காட்டவேண்டும் என்று விதி செய்தது. ஆல்மே, கிளினீக் என்னும் இரண்டு கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1977 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிவிட்டது. அன்றுமுதல் அந்நாட்டில் அவ்வார்த்தைக்குச் சட்டப்படி யாதொரு அளவுகோலும் இல்லை. எந்தக் கம்பெனி எந்த அர்த்தத்தில் எழுதினாலும் எழுதலாம். “தோல் வைத்தியர்களால் பரிசோதிக்கப்பட்டது” என்பதும் அத்தகையதே. பரிசோதித்தார்கள் சரி, முடிவு என்னவாயிற்று என்று யாரும் சொல்லுவதில்லை.

ஆதலால் அட்டையின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படிக்கவேண்டும். நம் தேசத்தில் 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்திலே 1962இல் அலங்காரப் பொருள்கள் சேர்க்கப்பட்டன. 2020இல் அவற்றிற்குத் தனி விதிகளும் செய்யப்பட்டன. உற்பத்தி செய்தோர் பெயர், விலாசம், லைசென்ஸ் எண், பேட்ச் எண், உபயோகிக்கவேண்டிய கெடு, சேர்மானங்களின் ஜாபிதா ஆகியவை அச்சிடப்படவேண்டும். சேர்மானங்களில் அதிகமுள்ளது முதலிலும் குறைந்தது பின்னரும் வரும். ஆனால் மிகச் சிறிய பொதிகளில் ஜாபிதா இல்லாமலிருப்பதைப் பார்க்கிறோம். நம்மவர் பெரும்பாலும் வாங்குவதோ சிறு பொதிதானே! ஷாம்புவைச் சிறு பையில் அடைத்து ஏழைக்கும் எட்டும் விலையில் விற்கும் யோசனை, நமக்குப் பக்கத்திலுள்ள கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பாரிடம் பிறந்து உலகெங்கும் பரவிற்று. அது நம் ஜில்லாப் பக்கத்துக்குப் பெருமையே. ஆனாலும் ஒவ்வாமை உள்ளவர், ஜாபிதா அச்சிட்ட புட்டியை ஒருமுறை பார்த்துப் பெயர்களை அறிந்துகொண்டு, பிறகு அதே சரக்கின் சிறு பையை வாங்குவது நலம்.

தலைச் சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது கூடாது. இதில் ஆடவர் பங்கும் பெரிது. கறுப்புச் சாயத்தில் பாரா ஃபெனிலீன் டையமீன் என்னும் பொருள் சேர்வது வழக்கம். ஒவ்வாமை உள்ளவர்க்கு இது தலையில் மட்டும் நில்லாது கண்ணிமை, முகம், காது எல்லாம் வீங்கச் செய்யும். கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் இதுவே இருக்கக்கூடும். பச்சை மருதாணியிலை அரைத்துப் பூசினால் செம்மைதான் வருமேயன்றிக் கறுப்பு வராது. கறுப்பு வந்தால் வேறேதோ கலந்திருக்கிறது என்று அறிக. இச்சாயப் பொதிகளில், முதலில் சிறிது தடவிப் பரீட்சை செய்யவேண்டும் என்றும், புருவத்திற்கும் இமைக்கும் இட்டால் பார்வை கெடும் என்றும் ஆங்கிலத்திலும் தேசபாஷையிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்பது சட்டம். கலியாணத்திற்கு முதல் நாளிரவு சாயமிடும் கனவான்கள் அந்தத் தாளைப் பிரித்தும் பார்ப்பதில்லை. இரண்டு நாள் முன்னதாகவே காதின் பின்புறத்தில் தடவிப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

நிறத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகளைக் குறித்து ஒரு வார்த்தை. இது ஒவ்வாமையைக் கடந்த அபாயம். கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவைச் சேர்ந்த கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக வியாதியோடு வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அதில் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அப்பதினைவரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசினவர்கள். களிம்பில் இருந்தது பாதரசம். மற்றொரு வகைக் களிம்பிலே ஸ்டீராய்டு மருந்து இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும். பின்பு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் எரியும். இத்தகைய 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று சர்க்கார் 2018இல் ஆணை பிறப்பித்தனர். தயாரித்தவர் விலாசமோ லைசென்ஸ் எண்ணோ இல்லாத களிம்பு எவ்வளவு பளபளப்பு தந்தாலும் வீட்டிற்குள் வரவிடாதீர்கள். மாநிறத்தைக் குறையென்று பெண்ணின் தலையில் ஏற்றிய பின் களிம்பை மட்டும் குறைகூறுவது நியாயமன்று என்பதையும் வரன் பார்க்கும் பெரியோர்கள் யோசிக்கவேண்டும்.

அப்படியாயின் எதைத்தான் வாங்குவது? சேர்மானம் குறைந்ததை வாங்குவது. முப்பது பெயருள்ள களிம்பைவிட ஐந்து பெயருள்ளது மேல். அரிப்பு வந்தாலும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது சுலபம். தோல் வறண்டவர்க்கு வெள்ளை வாசலினுக்கு நிகரானது அரிது. ஒவ்வாமைப் பரீட்சை செய்யும் வைத்தியர்கள் தாம் சோதிக்கும் பொருள்களைப் பெரும்பாலும் அதிலேயே குழைத்து வைக்கின்றனர் என்பது ஒன்றே போதும். தானே ஒவ்வாமை செய்யும் பொருளாயின் அவர்கள் அதை எடுப்பார்களோ? வாசனை சேர்க்காத தேங்காயெண்ணெயும் நல்லதே. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் பலருக்கு நன்மை செய்யினும், கரப்பான் உடம்பினர் அதில் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். கைக்குழந்தையின் மேனி மிக மென்மையானது. அதற்கு வாசனைப் பவுடரும் வேண்டாம், பலவகை மூலிகைச் சாரமும் வேண்டாம்.

புதிதாக வாங்கிய களிம்பை எடுத்தவுடன் முகத்தில் பூசாமல், முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில், காலையும் மாலையும் ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரை தடவிப் பாருங்கள். ஒரு நாள் பரீட்சை போதாது. ஒவ்வாமை மெதுவாக வெளிப்படுவது என்று முன்னமே சொன்னோம். சவுக்காரத்தையும் ஷாம்புவையும் மட்டும் இவ்விதம் தடவி விட்டுவிடலாகாது. அவை யாருக்கும் எரியும். ஒரே சமயத்தில் இரண்டு புதுச் சாமான்களைத் தொடங்குவதும் கூடாது. எதனால் வந்ததென்று பின்பு சொல்ல முடியாது.

இவ்வளவும் செய்தும் தடிப்பு வந்துவிட்டால், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு களிம்பைப் பூசாமல் தோல் வைத்தியரிடம் செல்லுங்கள். புதுவையில் பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய வைத்தியக் கலாசாலையின் வழியில் வந்து, 1964 முதல் ஜிப்மர் என்னும் பெயரோடு கோரிமேட்டில் விளங்கும் பெரிய வைத்தியசாலையில் தோல் வியாதிகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. காரணமான பொருளை அறிய அங்கிகரிக்கப்பட்ட முறை ஒட்டுப் பரீட்சை. யாடசோன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1895இல் வெளியிட்டது. சந்தேகத்திற்குரிய பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் சென்று எடுத்துப் பார்ப்பர். மீண்டும் மூன்றாம் அல்லது நான்காம் நாள் பார்ப்பர். இதில் ஊசி குத்துவதில்லை. போகும்பொழுது வீட்டிலுள்ள பொட்டு அட்டை, குங்குமச் சிமிழ், எண்ணெய், சோப்பு, சாயம், களிம்பு எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலியான உறையையும் எறிந்துவிடாதீர்கள். ஒட்டிய நாட்களில் முதுகு நனையலாகாது; வயல் வேலையும் பளு தூக்குதலும் கூடா. சித்திரை வைகாசியில் வியர்வையால் வில்லை கழன்றுவிடுமாதலால், அவசரமில்லாதவர் மார்கழி தை மாதங்களில், அறுவடை வேலை தமக்கு இல்லாத ஒரு வாரமாகப் பார்த்துச் செல்வது சௌகரியமாயிருக்கும்.